முதல் ஃபிட்னெஸ் கிளாஸில் எதை எடுப்பது: ஜும்பாவா, ஏரோபிக்ஸா, சர்க்யூட்டா?

போன மாதம் என் கிளாஸுக்கு வரும் ஒரு பெண் கேட்டாள். "அக்கா, ரெண்டு வருஷமா உங்ககிட்ட வர்றேன். கோர்ஸும் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கியாச்சு. அடுத்த மாசம் நானே ஒரு கிளாஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எதை எடுக்கட்டும்?" கிளாஸ் முடிந்து எல்லோரும் இறங்கிப் போனபின், மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். அன்று சொன்னதையும், பாய் சுருட்டும் அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளைப் போல முதல் கிளாஸுக்கு முன்னால் நிற்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் என் கதை. நான் முதல் கிளாஸ் எடுத்தது பதினோரு வருஷத்துக்கு முன், மேற்குச் சென்னையில் ஓர் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஃப்ரீஸ்டைல் ஏரோபிக்ஸ், அதாவது பாட்டின் எண்ணிக்கைக்கு நாமே அசைவுகளைக் கோத்து ஆடும் வகை. ஆறு காம்பினேஷன்களை (அப்படிக் கோத்த அசைவுத் தொடர்களை) நோட்டில் எழுதி, மூன்று வாரம் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். ஒரு ஸ்டெப்பும் மறக்கவில்லை, ஒரு கவுண்ட்டும் தவறவில்லை. ஆனால் மூன்றாவது காம்பினேஷன் ஓடும்போது இரண்டாவது வரிசையில் ஓர் அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் பார்க்கவில்லை. என் வாய் எண்ணிக்கொண்டிருந்தது, மனசு அடுத்த ஸ்டெப்புக்குப் போய்விட்டது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் பாட்டை மீறிக் கத்திய பிறகுதான் திரும்பினேன். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மாடியேறியிருக்கிறார். நெற்றி முழுக்கக் குளிர்ந்த வியர்வை, விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கீழ்வீட்டிலிருந்து சர்க்கரை கரைத்த தண்ணீர் வந்தது, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தெளிந்தார். எனக்குத் தெளிய அன்று முழுக்க ஆயிற்று.

அதனால் முதல் கிளாஸுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று யார் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். பாட்டு, எண்ணிக்கை, அடுத்த அசைவு இதற்கெல்லாம் போக, வந்திருப்பவர்களைப் பார்க்க உங்களிடம் எவ்வளவு கவனம் மிஞ்சும்? புதிதாக எடுப்பவருக்குக் கவனம் குறைவாகத்தான் இருக்கும். அதில் பெரும்பகுதியைத் தின்னாத வகை எதுவோ, அது நல்லது.

ஃப்ரீஸ்டைல் ஏரோபிக்ஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதைத்தான் பலரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். லைசென்ஸ் வேண்டாம், கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டாம், மார்ச், ஸ்டெப் டச், கிரேப்வைன், வி-ஸ்டெப், நீ-அப் என்று தெரிந்த அசைவுகளைக் கோத்தால் போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரோபிக்ஸ் பாட்டு எட்டு எட்டு கவுண்ட்டாக ஓடி, 32 கவுண்ட்டில் ஒரு சுற்று முடியும். நிமிஷத்துக்கு 128 பீட் வேகத்தில் அந்த 32 கவுண்ட் சரியாக 15 விநாடி. 45 நிமிஷ கிளாஸில் அப்படி 180 சுற்று. ஒவ்வொன்றிலும் அடுத்து என்ன என்பதைக் கடைசி நான்கு கவுண்ட்டுக்குள் சொல்லியாக வேண்டும். அதாவது இரண்டு விநாடிக்கும் குறைவு. தாமதமாகச் சொன்னால் பாதிப் பேர் பழைய ஸ்டெப்பிலும் பாதிப் பேர் புதிய ஸ்டெப்பிலும் இருப்பார்கள், தோள் இடிக்கும்.

போதாததற்கு வலது இடது. கிளாஸைப் பார்த்து நின்றால் அவர்களுக்குக் கண்ணாடி போல நீங்கள் ஆட வேண்டும். உங்கள் இடது கால் போகும், வாய் "ரைட்" என்று சொல்லும். இது பழக மாதங்கள் ஆகும். முதுகைக் காட்டி நின்றால் குழப்பமில்லை. ஆனால் எதிரே கண்ணாடி இல்லாத மாடியில் முதுகைக் காட்டினால் யாரையும் பார்க்க முடியாது.

இருந்தாலும் இதைத்தான் எடுப்பேன் என்று இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். காம்பினேஷன்களை ஏ, பிறகு ஏ-யும் பி-யும், பிறகு ஏ-பி-சி என்று அடுக்கிக்கொண்டே போகும் முறையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்டெப் டச் (பக்கவாட்டில் ஓர் அடி வைத்து மறுகாலைச் சேர்ப்பது) ஓடுகிறது, அதே காலுக்குக் கை சேர்கிறது. அதே கையோடு கால் இரட்டையாகிறது. அதே இரட்டை, முன்னும் பின்னும் நகர்கிறது. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நீங்களும் வந்தவர்களும். பார்க்க அழகாக இராது என்று பயப்பட வேண்டாம். முதல் நாள் வருகிறவருக்கு வியர்த்தால் போதும், தன்னால் முடிந்தது என்று தோன்றினால் போதும்.

ஸ்டெப் ஏரோபிக்ஸ் பற்றிச் சுருக்கமாக. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் ஜின் மில்லர் என்ற ஆசிரியை, முட்டி காயத்திலிருந்து தேறிவர ஒரு படியில் ஏறி இறங்கிப் பழகியதிலிருந்து பிறந்த வகை அது. எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் கிளாஸுக்கு வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன எல்லாச் சுமையோடும் காலுக்குக் கீழே ஒரு பலகையும் இருக்கும்.

இனி ஜும்பா. பீட்டோ பெரெஸ் கொலம்பியாவில் ஏரோபிக்ஸ் எடுக்கப் போன ஒரு நாள் தன் வழக்கமான பாட்டு கேசட்டை மறந்துவிட்டு, பையில் கிடந்த சால்சா, மெரெங்கே கேசட்டுகளைப் போட்டுச் சமாளித்ததிலிருந்து பிறந்தது என்று அதன் கதை. 2001-இல் அமெரிக்காவில் கம்பெனியானது. ஜும்பா என்பது பதிவு செய்த பெயர். அவர்களுடைய பயிற்சியை முடித்து லைசென்ஸ் கையில் இருந்தால்தான் அந்தப் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடிக்கலாம். இல்லையென்றால் 'டான்ஸ் ஃபிட்னெஸ்' என்று போடுங்கள். நம் ஊரில் குத்துப் பாட்டுக்கு ஆடுவதையெல்லாம் ஜும்பா என்று பேனர் கட்டுகிறார்கள். செய்யாதீர்கள்.

ஜும்பாவின் பெரிய பலம் அதன் பேச்சில்லாமை. கையைக் காட்டுவது, விரலால் எண்ணுவது, உடம்பைத் திருப்பித் திசை காட்டுவது என்று சைகையிலேயே கிளாஸ் ஓடும். மைக் பிடித்துப் பேச நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆளுக்கு இது பெரிய ஆறுதல். இன்னொரு பலம், பாட்டின் அமைப்பே ஆட்டத்தின் அமைப்பு. பல்லவி வந்தால் பல்லவி ஸ்டெப், சரணம் வந்தால் சரண ஸ்டெப். முதல் பல்லவியில் தடுமாறியவர் இரண்டாவதில் பிடித்துக்கொள்வார், மூன்றாவதில் சிரித்துக்கொண்டே ஆடுவார். பாடல்களுக்கு ஸ்டெப்பை அவர்களே அமைத்துக் கொடுக்கும் உறுப்பினர் திட்டமும் உண்டு. அதற்கு மாதச் சந்தா.

பலவீனம் என்ன என்றால், பத்துப் பன்னிரண்டு பாட்டு மனசில் இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து ஆடுகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை, பாட்டு ஆரம்பித்தால் உடம்பு தானே போகும், கண் மிச்சமாகும். ஆட்டம் இயல்பாக வராதவருக்கு இது ஃப்ரீஸ்டைலைவிடக் கடினம். அப்புறம் முட்டி. ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடிப்பாகம் சிமெண்ட் தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் அப்படியே நிற்க, இடுப்பு திரும்பினால், திருகல் முழுவதும் முட்டியில் இறங்கும். பாதத்தைத் தூக்கித் திரும்பச் சொல்லித்தர வேண்டும். பாட்டு வேகத்தில் அதைச் சொல்ல நேரம் கிடைக்காது. கிளாஸ் தொடங்கும் முன்பே பாட்டில்லாமல் நாலு முறை செய்துகாட்டிவிடுங்கள்.

லெஸ் மில்ஸ் வகைக் கிளாஸ்களையும் சிலர் கேட்கிறார்கள். நியூசிலாந்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வருவது, எடை தூக்கும் கிளாஸான பாடிபம்ப் அதில் பிரபலம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாட்டும் அசைவும் சேர்த்துப் புதிய தொகுப்பு வரும், அதை அப்படியே எடுக்க வேண்டும். என்ன எடுப்பது என்ற கவலை இல்லை, சோதித்துப் பார்த்த வரிசை, பயிற்சியும் கறாரானது. ஆனால் அதற்கு உரிமம் எடுத்திருக்கும் ஜிம்மில்தான் எடுக்க முடியும். அப்படியொரு ஜிம் உங்களுக்கு வாய்த்திருந்தால் யோசிக்கலாம். சொந்தமாக மாடியிலோ ஹாலிலோ ஆரம்பிக்கிறவருக்கு இது கணக்கிலேயே வராது.

என் ஓட்டு சர்க்யூட்டுக்கு. அந்தப் பெண்ணிடமும் அதைத்தான் சொன்னேன். இடத்துக்கு ஒரு பயிற்சி, எல்லோரும் இடம் மாறி மாறிச் செய்வதுதான் சர்க்யூட். பன்னிரண்டு பேர், ஆறு இடம், இடத்துக்கு இரண்டு பேர். 40 விநாடி செய்வது, 20 விநாடியில் அடுத்த இடத்துக்கு மாறுவது. ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம். மூன்று சுற்று, நடுவில் ஒவ்வொரு நிமிஷம் தண்ணீர், மொத்தம் 20 நிமிஷம். முன்னால் பத்து நிமிஷம் வார்ம்-அப், பின்னால் பத்து நிமிஷம் கூல்-டவுனும் ஸ்ட்ரெச்சும். 40 நிமிஷத்தில் கிளாஸ் முடிந்தது.

பாட்டு பின்னணியில் ஓடும், அதன் பீட்டோடு யாரும் சேர வேண்டியதில்லை. நேரத்தை மொபைலில் இருக்கும் டைமர் ஆப் பார்த்துக்கொள்ளும். அசைவு என்ன என்பதை ஒவ்வொரு இடத்திலும் சுவரில் ஒட்டிய காகிதம் சொல்லும். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே வேலை, நடந்து நடந்து பார்ப்பது. ஒருவர் பக்கத்தில் போய் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "முட்டி உள்ள போகுது பாருங்க, கால் விரல்களுக்கு நேரா கொண்டு வாங்க" என்று சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஃப்ரீஸ்டைலில் எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இன்னொன்று, வயது. நம் அபார்ட்மெண்ட் கிளாஸ்களில் 24 வயதுப் பெண்ணும் 60 தாண்டிய மாமியாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஒரே கோரியோகிராஃபியில் இருவரையும் திருப்திப்படுத்துவது அனுபவசாலிக்கே சிரமம். சர்க்யூட்டில் ஒரே இடத்தில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலை வைத்துவிடலாம். ஓர் இடத்தில் நாற்காலி. மாமியார் அதில் உட்கார்ந்து எழுவார். அடுத்தவர் நாற்காலி நுனியைத் தொட்டுத் தொட்டு எழுவார். இளைய பெண் நாற்காலி இல்லாமல் ஸ்குவாட் போட்டு அடியில் இரண்டு எண்ணும்வரை நிற்பாள். இன்னோர் இடத்தில் புஷ்-அப்: சுவரில், அல்லது முட்டி போட்டு, அல்லது முழுதாக. டம்பெல் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், எடை ஒரு கிலோ. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மூன்று குச்சி மனிதர்களை வரைந்து ஒட்டினால் போதும்.

சர்க்யூட்டில் குறை இல்லாமல் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்யும்போது வருகிற உற்சாகம், அந்தக் கூட்டத்தின் ஒரே மூச்சு, இதில் கிடைக்காது. சிலர் "மேடம், டான்ஸ் கிடையாதா?" என்று கேட்பார்கள். அதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். கண் பழகட்டும். ஆறு வாரம் மனிதர்களைப் பார்த்துப் பழகியவர் ஜும்பாவுக்குப் போனாலும் பார்த்துக்கொண்டேதான் ஆடுவார். சர்க்யூட் எடுக்கிறேன் என்று டபாட்டாவுக்கு மட்டும் போய்விடாதீர்கள். 20 விநாடி செய்து 10 விநாடி ஓய்வு, எட்டு முறை, நான்கே நிமிஷம் என்று கேட்கச் சுலபமாக இருக்கும். இசுமி டபாட்டாவும் அவர் குழுவும் ஜப்பானில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்கனவே உடற்பயிற்சியில் ஊறிய இளைஞர்களைச் சைக்கிளில் உட்காரவைத்துச் செய்தது. முழு வேகம் என்றால் உண்மையிலேயே முழு வேகம். முதல் நாள் வந்தவரிடம் அதைக் கேட்கக் கூடாது.

எங்கே எடுப்பது என்பது அடுத்த கேள்வி. ஜிம்மில் ஒருவர் லீவு போட்ட நாளில் அவர் இடத்தில் நின்று எடுப்பது பலருக்கும் முதல் வாய்ப்பாக வரும். ஸ்பீக்கர், கண்ணாடி, மரத்தரை, ஹெட்செட் மைக் எல்லாம் அங்கே தயார். ஆனால் உள்ளே வருகிறவர்கள் உங்களைப் பார்த்ததும் "அவங்க வரலையா?" என்று கேட்பார்கள், ஒன்றிரண்டு பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அது உங்கள் மேல் உள்ள வெறுப்பு அல்ல, பழக்கம். அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் சரி.

மொட்டை மாடி வாடகையில்லாதது, வருகிறவர்கள் தெரிந்தவர்கள். அசோசியேஷன் செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மேல்தளத்து வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், ஏனென்றால் நம் காலடி அவர்கள் தலைக்கு மேலே. குதிப்பதை முழுக்கத் தவிருங்கள், அவர்களுக்காகவும் முட்டிக்காகவும். சென்னையில் மாலைக் கிளாஸ் மாடியில் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தரை ஏழு மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். காலை ஆறு மணி நல்லது, தொட்டி வழிந்து பாசி பிடித்த மூலையை மட்டும் முந்தின நாளே தேய்த்துவிடுங்கள். கார் நிறுத்தும் தளத்தில் இடம் கிடைத்தால் மழைக்காலக் கவலையும் இல்லை, வண்டிகள் வெளியே போகும் நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூங்காவும் பெசன்ட் நகர்க் கடற்கரையும் கண்ணுக்கு அழகு, குரலுக்குப் பகை. திறந்தவெளியில் குரல் திரும்பி வராது. கத்திக் கத்தி ஒரே வாரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். தொண்டை இந்தத் தொழிலின் மூலதனம். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், கிளாஸில் இருக்கும் பெண்களுக்குக் கூச்சமாகிவிடும். மாநகராட்சிப் பூங்கா என்றால் அனுமதியும் கேட்க வேண்டும். முதல் கிளாஸுக்கு இது தேவையில்லாத பாரம்.

ஜூமில் எடுக்கலாமா என்று இப்போதும் கேட்கிறார்கள். இலவசக் கணக்கில் 40 நிமிஷத்தில் கூட்டம் முடிந்துவிடும். பெரும்பாலானோர் கேமராவை மூடி வைப்பார்கள். திறந்து வைத்தாலும் கட்டை விரல் அளவுப் பெட்டியில் தலையும் தோளும் தெரியும், முட்டி தெரியாது. யாராவது உட்கார்ந்துவிட்டால் ஓய்வா மயக்கமா என்று சொல்ல முடியாது. நான் முதலில் சொன்ன அளவுகோலில் இது கடைசி.

எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு, யாரும் கேட்பதில்லை. உங்களுக்குச் சொல்லித்தந்தவரிடம் போய் அவர் கிளாஸில் வார்ம்-அப் பத்து நிமிஷத்தை மட்டும் கேளுங்கள். வேகம் குறைவு, அசைவு சுலபம், தவறினால் பின்னால் அவர் இருக்கிறார். பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள், நானே தருகிறேன். நாலு வார்ம்-அப், பிறகு நாலு கூல்-டவுன், அப்புறம் உங்கள் சொந்தக் கிளாஸ். அன்று நிற்கும்போது கால் நடுங்காது.

கட்டணமா இலவசமா? முதல் நாலு கிளாஸ் இலவசம், ஐந்தாவதிலிருந்து இவ்வளவு என்று வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே எழுதிவிடுங்கள். பின்னால் கேட்பது சங்கடம். ஜிம்மோ ஹாலோ, பொது இடத்தில் சினிமாப் பாட்டுப் போட்டுக் கட்டணம் வாங்குவதென்றால் பாட்டுக்கு உரிமம் தரும் ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற அமைப்புகள் இருப்பதையும் அறிந்து வையுங்கள்.

எந்த வகை எடுத்தாலும், எந்த இடத்தில் எடுத்தாலும், கிளாஸுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டுவிடக் கூடாது. கனடாவில் உருவான பார்-க்யூ படிவத்தில் ஏழு கேள்விகள் இருக்கும். அதைத் தழுவி நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: இதயக் கோளாறு உண்டா, நெஞ்சு வலி வந்திருக்கிறதா, தலைசுற்றல், முட்டி இடுப்பு பிரச்சினை, பிரஷர் மாத்திரை, கர்ப்பம், அண்மையில் ஆபரேஷன். ஆம் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுவேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரிடம் தனியே, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று தினமும் கேட்கிறேன். என் பையில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கும். பிரஷருக்குச் சிலர் எடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித்துடிப்பை ஏறவிடாது. அவர்கள் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சில் எண் குறைவாகவே காட்டும், அதை நம்பி இன்னும் வேகமாக ஓட்டக் கூடாது. பேசவைத்துப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முறியாமல் சொன்னால் அளவான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் கடும் வேகம், குறைக்கச் சொல்லுங்கள். மாடிக்கு எந்த வாசல் வழியாக ஸ்ட்ரெச்சர் ஏறும், 108-க்குச் சொல்ல வேண்டிய முகவரியும் அடையாளமும் என்ன என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி ஸ்பீக்கர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

அந்தப் பெண் எதைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்பீர்கள். அவள் நன்றாக ஆடுவாள், ஜும்பா கேட்டுத்தான் வந்தாள். மூன்று வாரம் என் கிளாஸில் வார்ம்-அப் எடுத்தாள். பிறகு அவர்கள் பிளாக்கில் கார் நிறுத்தும் தளத்தில் ஒன்பது பேரோடு சர்க்யூட். நான் ஓரமாகத் தூண் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டாவது சுற்றில் நாற்காலி இடத்தில் ஒருவர் எழும்போது இடது முட்டியில் கை ஊன்றுவதைப் பார்த்துவிட்டு, அவள் பாதித் தளம் தாண்டி நடந்து போய், நாற்காலியின் மேல் ஒரு தலையணையை மடித்து வைத்து உட்காரும் உயரத்தைக் கூட்டினாள். கையை எடுத்துவிட்டு அவர் எழுந்தார். அடுத்த மாதத்திலிருந்து கடைசி பத்து நிமிஷத்தில் இரண்டு பாட்டு சேர்க்கப் போகிறாள். எந்தப் பாட்டு என்பதில்தான் இப்போது எங்களுக்குள் விவாதம் நடக்கிறது.